பிளாஸ்ரிக் போட்ட செற்றியும் குணரத்தினம் அத்தானும்

அது ஒரு சனிக்கிழமை காலை, பத்தே கால். நாங்கள் குடியிருக்கும் பென்டில் ஹில்லில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, பழைய சாமான்கள் விற்கும் தொண்டுக் கடை ஒன்றில் நான் ஒரு சூட்கேஸ் தேடிக்கொண்டிருந்தேன்.

தோல் சூட்கேஸ், பித்தளைப் பூட்டு வைத்தது. எங்கள் பழைய மாணவர் சங்கத்து ஆண்டு விழா நாடகத்துக்கு வேண்டும். நாடகத்தை எழுதுபவன் நான். அந்த வருடத்துக் கதையில், முப்பது வருடம் கழித்து ஊருக்குப் போகும் ஒருவன் இடிந்த வீட்டுக்கு முன்னால் சூட்கேஸை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து அழுவான்.

சூட்கேஸ் கிடைக்கவில்லை. புத்தகத் தட்டின் ஓரத்தில் ஒரு டிவிடிப் பெட்டி கிடந்தது.

அட்டையில் ஒரு கறுப்பினக் குடும்பம். வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டிருக்கும் அப்பா. கைகளைக் கட்டிக்கொண்டு அவரை முறைக்கும் அம்மா. பின்னால் சிரிப்பை அடக்கும் இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் நடுவில் ஒரு செற்றி. சோபாவை நாங்கள் செற்றி என்றுதான் சொல்வோம். அந்தச் செற்றி முழுவதையும் மூடித் தைத்த, பளபளக்கும் பிளாஸ்ரிக் உறை. இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் அதில் உட்காரவில்லை.

பெட்டியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனேன். தையல் ஓரங்களில் பிளாஸ்ரிக் மஞ்சளாகியிருந்தது.

அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி, என் அக்கா வீட்டு முன் ஹோலில், இருபத்தொரு வருடமாக அப்படி ஒரு செற்றி இருக்கிறது. அதிலும் ஒருவரும் உட்காருவதில்லை.

சூட்கேஸை மறந்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்று எழுதினாலும், பாதி தூரம் ஓடினேன்.

(அன்றைய திகதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. தினமும் எழுதுகிறவன் நான்: வெயில் எவ்வளவு, ரயில் எத்தனை நிமிடம் பிந்தியது, யார் என்ன சொன்னார்கள். இந்தப் பத்திரிகைத் தொடரில் திகதிகளைப் போடாதீர்கள், வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.)

செற்றியில் இருக்கும் தகுதி

அது பிரித்தானியத் தொலைக்காட்சியில் எப்போதோ ஓடிய நகைச்சுவைத் தொடர். கரீபியன் தீவொன்றிலிருந்து லண்டனுக்கு வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதைத் தேடப் போவீர்கள்.

எங்கள் வீட்டு டிவிடி இயந்திரம் அலுமாரியின் அடித்தட்டில், பழைய கலண்டர்களுக்குக் கீழே இருந்தது. தூசி தட்டிப் பொருத்த இருபது நிமிடம்.

முதல் பகுதியில் கேஸ் மீற்றர் பார்க்கிறவர் வருகிறார். அப்பா அவரைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்துகிறார். சரி. தேவாலயத்துப் போதகர் வருகிறார். முன் அறை திறக்கப்படுகிறது. ஆனால் அவருக்கும் ஓரத்துக் கதிரைதான். பிறகு அப்பா வேலை செய்யும் ரயில் பகுதியின் மேலதிகாரி முன்னறிவித்தல் இல்லாமல் வந்து கதவைத் தட்டுகிறார். அவர் வாசலில் மழையில் நிற்க, குடும்பம் முழுவதும் செற்றியைச் சுற்றி நின்று விவாதிக்கிறது: மேலதிகாரி செற்றிக்குத் தகுதியானவரா? அதற்கு மேல் ஒருவர் வந்தால் என்ன செய்வது?

நான் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து மகள் அபி இறங்கி வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். நான் தனியாகச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

"இரு. இதைப் பார்."

ஐந்து நிமிடம் நின்றபடியே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்தினாள்.

"ஓ மை கோட். இது குணம் மாமா வீடு!" என் அக்காவின் வீட்டைத்தான் சொன்னாள்.

இரண்டாவது பகுதியில் ஒரு பீப்பாய் வந்தது. லண்டனிலிருந்து தீவுக்குக் கப்பலில் அனுப்புவதற்காக வீட்டு நடையில் நிற்கும் பெரிய பீப்பாய். அதற்குள் சவர்க்காரம், பள்ளிக்கூடச் சப்பாத்து, ரின்னில் அடைத்த மீன், போர்வை. எப்போதும் பாதிதான் நிறைந்திருக்கும். வீட்டில் சவர்க்காரம் முடிந்துபோக, மகள் பீப்பாயிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் குளித்துவிடுகிறாள். அப்பா வீட்டிலுள்ள எல்லோருடைய கைகளையும் மணந்து பார்த்து விசாரணை நடத்துகிறார்.

எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் பெட்டி ஒன்று வாசற்கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வசந்தி, என் மனைவி, அதற்குள் போட்ட துவாயை நான் ஒருமுறை எடுத்து முகம் துடைத்து வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

அன்று நாலு பகுதிகள் பார்த்தோம். மூன்றாவது பகுதியில் எத்தனை தடவை சிரிப்பு வருகிறது என்று ஒரு ஒற்றைத் தாளில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒரு சிரிப்புக்கும் யாரும் வழுக்கி விழவில்லை, யாரும் வாழைப்பழத் தோலை மிதிக்கவில்லை. வீட்டுக்குள் இருந்து கதைத்தார்கள், அவ்வளவுதான்.

பதினாலு வருடமாக நாடகம் எழுதுகிறேன். ஒரு நாடகத்தின் கதைகூட நாங்கள் இருக்கும் பென்டில் ஹில்லில் நடக்கவில்லை.

அத்தான் அழுத கதை

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

குணரத்தினம் அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர் அவர். வந்து இறங்கிய நாளில், விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது, எம்-ஃபோர் நெடுஞ்சாலையில் வைத்து எனக்கு ஒரு அறிவுரை சொன்னார்: "இஞ்சை எல்லாம் கிடைக்கும். ஆனா ஒண்டையும் பிரிக்காதையும்." எதைப் பிரிக்கக்கூடாது என்று அப்போது விளங்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய், உறை பிரிக்காத விளக்கு, தொலைபேசி, கதிரை எல்லாவற்றையும் பார்த்தபோது விளங்கியது. அன்றே எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் சொல்வதைத் தொடர்ந்து எழுதி வந்தேன்.

அத்தான் பார்சல் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அதுவல்ல அவர். அவர் நடிகர். எங்கள் சங்கத்து நாடகத்தில் கதாநாயகன் எப்போதும் அவர்தான். குரல் அப்படி, மைக் தேவையில்லை. அந்தக் குரலுக்கென்றே நான் சோகமாக எழுதினேன். மகனைப் பறிகொடுத்த தகப்பன், மண்ணைப் பிரிந்த கமக்காரன், கடிதத்துக்குக் காத்திருக்கும் கணவன். ஒவ்வொரு வருடமும் இறுதிக் காட்சியில் அத்தான் முழங்காலில் விழுந்து அழுவார். முதல் சில வருடங்கள் சபையும் அழுதது.

முந்திய வருடம் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஹோம்புஷில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம். அத்தான் முழங்காலில் விழுந்த அதே நேரத்தில் பின்பக்கம் கொத்துரொட்டிக் கல் சூடாகி, தகரம் தட்டும் சத்தம் தொடங்கியது. வாசனை முன்வரிசைக்கு வந்தது. ஒருவர் எழுந்தார். பத்துப் பேர் எழுந்தார்கள். அத்தான் "என்ரை மண்ணே" என்று கதற, கல்லில் டக டக டக. திரை விழும்போது முன்னால் இருபது பேர்தான் இருந்தார்கள். அவர்களிலும் சிலர் கொத்துரொட்டிக் கோப்பையோடு.

அத்தான் அவசரமாக வேஷத்தைக் கலைத்தார். காரில் ஏறிய பிறகு, பெல்ட் போட்டுக்கொண்டே சொன்னார்: "இனி என்னை விடும் காணும்."

அடுத்த கூட்டத்தில் சங்கத் தலைவர் டொக்டர் நேரே சொல்லிவிட்டார்: "தம்பி, குறை நினைக்காதையும். சனம் இருக்குதில்லை. இந்த முறை இருபது நிமிசம் தாறம். அதுக்கும் எழும்பிப் போச்சினமெண்டால், வாற வருசத்திலிருந்து அந்த நேரத்தைப் பிள்ளையளின்ரை டான்ஸுக்குக் குடுப்பம்."

அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "வேலையும் இல்லை. நாடகமும் இல்லையெண்டா இந்த மனுசன் என்னடா செய்யும்? நாள் முழுக்கக் கதிரையிலை இருந்து சுவரைப் பாக்குது. நீதான் ஏதாவது செய்யவேணும்."

சூட்கேஸ் தேடிப் போனது இதற்குப் பிறகுதான். இன்னும் பெரிதாக அழவைத்தால் சபை எழும்பாது என்று நான் நினைத்திருந்தேன்.

ஈவோனின் அப்பா

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் ஈவோனிடம் ஓடினேன். நகரசபையில் நான் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். அவள் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். லண்டனில் பிறந்தவள். பெற்றோர் பார்படோஸ்காரர். பதினோரு வருடமாகத் தினமும் காலை வணக்கம் சொல்லியிருக்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் கதைத்ததில்லை.

தொடரின் பெயரைச் சொன்னதும் கத்திவிட்டாள். வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

தன் அப்பா அதை ஒரு வாரமும் தவறவிட்டதில்லை என்றாள். ஆனால் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லையாம். கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி, "இதென்ன பொய், இந்த மனுசன் எங்கட தீவு இல்லை, எங்கட ஆட்கள் இப்பிடிச் செய்யமாட்டினம்" என்று முழு நேரமும் சொல்லிக்கொண்டே பார்ப்பாராம். விளம்பர இடைவேளையில் முன் அறைக்குப் போய், செற்றியின் பிளாஸ்ரிக்கில் தூசி துடைத்துவிட்டு வருவாராம்.

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "உங்கள் வீட்டிலும் பிளாஸ்ரிக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

இதைத் தமிழ் நாடகமாக்கலாமா என்று கேட்டேன். அவள் உடனே தலையை ஆட்டி மறுத்தாள். அந்தப் பகிடிகளும் சிரிப்பும் எங்களுடையவை, எடுக்காதே என்றாள். "உன் வீட்டில் ஒருவர் இருப்பார். இல்லாமல் இருக்கமாட்டார். அவர் சொல்வதை எழுது."

எழுத வேண்டியதில்லை. எழுதித்தான் இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு.

தம்பிராசா பிறந்தார்

இரண்டு கிழமை, வேலைக்கு ஹோம்புஷ் வரை ரயிலில் போகும்போதும் வரும்போதும் பழைய நாட்குறிப்புகளைப் படித்தேன். அத்தான் சொன்னவற்றுக்கு மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்தேன். ஒட்டுத்தாள் இரண்டு கட்டு முடிந்தது.

புகை எச்சரிக்கை மணியை அவர் கழற்றிய அன்று சொன்னது: "தாளிதத்துக்கும் நெருப்புக்கும் வித்தியாசம் தெரியாத மெசின் எனக்கு என்ன காவல்?"

மழையில் குடை பிடித்துக்கொண்டு மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்ட அன்று: "மழை தன்ரை வேலையைச் செய்யட்டும். நான் என்ரை வேலையைச் செய்யிறன்."

செற்றியின் உறையை யாருக்காகக் கழற்றுவீர்கள் என்று அக்கா கேட்ட அன்று: "வரப்போற ஆளுக்கு." "ஆர் வரப்போறது?" "அது தெரிஞ்சா ஏன் பிளாஸ்ரிக்?"

ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. பெயரை மட்டும் தம்பிராசா என்று மாற்றினேன். பென்டில் ஹில்லில் ஒரு வீடு, முன் ஹோல், ஒரு செற்றி, இருபது நிமிடம்.

தம்பிராசாவாக யார் நடிப்பது? அத்தானைத் தவிர வேறு யார்? வாசித்ததும் தன்னை அடையாளம் கண்டுவிடுவார், கோபித்தாலும் கோபிக்கட்டும், கேட்டுப் பார்ப்போம் என்று பிரதியோடு போனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடிந்தது.

நிமிர்ந்தார்.

"ஏன் காணும், மழைக்கை நிண்டு செடிக்குத் தண்ணி விடுவானோ ஒரு மனுசன்? கொஞ்சமாவது நம்புற மாதிரி எழுதும்."

குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்ற அக்காவுக்குப் புரைக்கேறியது.

"நடிப்பீங்களோ, அத்தான்?"

"நீர் கேக்கிறீர் எண்டதுக்காக. கடைசி முறை. ஆனா இந்தாள் ஒரு விசரன். அதுக்கேத்த மாதிரித்தான் நடிப்பன்."

கராஜில் நடந்தது

ஒத்திகை எங்கள் வீட்டுக் கராஜில். தம்பிராசாவின் மனைவியாக வசந்தி. மகளாக அபி, தமிழ் வசனங்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அத்தான் தம்பிராசாவை விசரனாகவே நடித்தார். கீச்சுக் குரல். ஒரு காலை இழுத்து நடை. ஒவ்வொரு வசனத்துக்கும் கண்ணை உருட்டினார். வீட்டில் குசினி மேசையில் வைத்து அவர் சாதாரணமாகச் சொல்லும்போது நாங்கள் மூச்சுவிட முடியாமல் சிரித்த அதே வார்த்தைகள், கராஜில் செத்துக் கிடந்தன. ஒரு கோடுகூடப் போட முடியவில்லை.

மூன்றாவது ஒத்திகைக்குப் பிறகு அவரே சொன்னார்: "சிரிப்பு வரேல்லை என்ன? எனக்கு உது சரிவராது காணும். நான் அழுறவன்."

அவர் போனதும் வசந்தி கதிரையில் விழுந்தாள்.

"அவருக்குச் சொல்லிப்போடுங்கோவன், அது நீங்கள்தான் எண்டு. சும்மா உங்களை மாதிரிக் கதையுங்கோ எண்டு."

"சொன்னா நாடகமும் இல்லை, அத்தானும் இல்லை."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஹோல் முழுக்க எழும்பிக் கொத்துக்குப் போகும். அதோடை அவர் முடிஞ்சுது."

அபி தன் தாள்களை அடுக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்த டிவிடியைக் காட்டுங்கோவன். ஹீ ஹேஸ்ன்ற் சீன் இற், அப்பா."

நான் அதைத் தவிர்த்தே வந்தேன். தொடரைப் பற்றி எல்லோருக்கும் சொன்ன நான், அத்தானுக்கு மட்டும் மறைத்து வைத்திருந்தேன். பார்த்தால் பிடிபட்டுவிடுமே என்ற பயம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்

ஞாயிறு பின்னேரம். வடை, தேத்தண்ணி. அத்தான் திரையின் கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை வாசித்து வாசித்து முதல் பகுதியைப் பார்த்தார். தொலைக்காட்சிக்குள் சபை சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. மேலதிகாரி மழையில் நிற்கும் இடத்தில் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சிரிக்கினம்?"

"அவர் செற்றியிலை இருக்க விடுறார் இல்லையெல்லோ, அத்தான்."

"பின்னை? நனைஞ்ச உடுப்போடை வந்து நிக்கிறான். இருந்தா பிளாஸ்ரிக்குக்குள்ளாலை தண்ணி இறங்கும். அவர் சொல்லுறது சரிதானே?"

அபி எழுந்து வேகமாகக் குசினிக்குப் போனாள்.

பீப்பாய்ப் பகுதியில் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "ஊருக்கு அனுப்பவெண்டு வைச்ச சாமான்! அதிலை கை வைக்கிறதோ? அந்தப் பிள்ளைக்கு ஆர் புத்தி சொன்னது? தாய்க்காரி சிரிச்சுக்கொண்டு நிக்கிறா!"

நான் ஒற்றையை எடுக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடை ஆறிப்போயிற்று. நாலாவது பகுதி முடியும்போது அத்தான் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். அந்தப் பகுதியில் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து அப்பாவின் தொப்பியை ஒளித்துவிட்டு, அவர் வீடு முழுவதும் தேடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"தனிய நிக்கிறார் காணும்," என்றார் அத்தான் மெதுவாக. "அந்த வீட்டிலை ஒருத்தரும் அவரின்ரை பக்கம் இல்லை. அவர் ஒரு நாட்டிலையிருந்து வந்து, எல்லாத்தையும் பழுதாக்காமல் வைச்சிருக்கப் பாக்கிறார். அவ்வளவுதானே?"

நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

"அவர் பகிடி விடேல்லை. கவனிச்சனீரோ? ஒருக்காலும் பகிடி விடேல்லை. ஞாயம் கதைக்கிறார். சனம்தான் சிரிக்குது." எழுந்து நின்றார். "தம்பிராசாவும் அப்பிடித்தான். நான் அந்தாளை விசரனாக்கிப்போட்டன். அந்தாளிலையும் ஒரு ஞாயம் இருக்கு. கராஜைத் திறவும்."

திறந்தேன். அன்று அவர் காலை இழுக்கவில்லை. கண்ணை உருட்டவில்லை. தன் சொந்தக் குரலில், முழு நீதியோடு, தம்பிராசாவின் வழக்கைப் பேசினார். வசந்தி இரண்டு இடத்தில் வசனத்தை மறந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கினாள். அத்தான் அதற்கும் கோபித்தார்.

தன்னைத்தான் நடிக்கிறார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. நாலு வீடு தள்ளியிருப்பவருக்கும் தெரிந்தது, அவருக்குத் தெரியாது. விழா வரையான இரண்டு கிழமையும் என் நித்திரை சரியில்லை. மேடையில் வைத்துத் தெரியவந்தால்? முந்நூறு பேர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அந்த இடத்தில் விளங்கினால்?

ஏழு விநாடி

விழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அதே ஹோம்புஷ் மண்டபம். நாடகம் நாலே முக்காலுக்கு என்று நிகழ்ச்சிநிரலில் இருந்தது. ஐந்து பத்துக்குத் தொடங்கியது. நான் மேடையின் இடது ஓரத்தில் திரைச்சீலைக்குப் பின்னால், பிரதியோடு.

திரை விலகியது. நடுமேடையில் செற்றி, பிளாஸ்ரிக் உறையோடு. ஒருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. சபையில் ஒரு சிரிப்பு எழுந்தது. முதலில் பெண்கள் பக்கம். பிறகு எல்லாப் பக்கமும். வெறும் செற்றிக்கு!

அத்தான் வந்தார். சபை தன்னைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறது என்று விளங்காமல் ஒரு பார்வை பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள். புகை மணிக் காட்சியில் கைதட்டல். "அது தெரிஞ்சா ஏன் பிளாஸ்ரிக்?" என்றபோது முன்வரிசையில் டொக்டர் தன் முழங்காலில் அடித்துக்கொண்டார். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள்.

மழைக் காட்சி. ஒரு கையில் குடை, மறு கையில் பூவாளி. "மழை தன்ரை வேலையைச் செய்யட்டும். நான் என்ரை வேலையைச் செய்யிறன்."

மூன்றாவது வரிசையிலிருந்து தர்மலிங்கத்தாரின் குரல். அத்தானோடு களஞ்சியத்தில் பதினைந்து வருடம் வேலை செய்தவர்.

"குணம் அண்ணை! உங்களுக்கு ஏன் வசனம் எழுதித் தந்தவை? வீட்டிலை கதைக்கிறதுதானே உது!"

மண்டபம் வெடித்தது.

அத்தான் நின்றார். குடை அப்படியே இருந்தது. பூவாளி சரிந்து மேடையில் நீர் கொட்டியது. அவர் சபையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு மெல்லத் திரும்பி, இடது ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் எழுதமாட்டேன். ஏழு விநாடி. மனதுக்குள் எண்ணினேன், எண்ணாமல் இருக்கத் தெரியாது எனக்கு. சிரிப்பு தணிந்து, சபைக்கும் ஏதோ விளங்கத் தொடங்கியது. ஒருவர் இருமினார். மேடையில் வசந்தி கையைப் பிசைந்தாள். திரையை இழுக்கக் கயிற்றில் கை வைத்தேன்.

அத்தான் குடையை மடக்கினார். அதை ஒழுங்காகச் சுருட்டி, பொத்தானைப் பூட்டினார். செற்றியில் வைக்கப் போய், பிளாஸ்ரிக்கைப் பார்த்து, வேண்டாம் என்று நிலத்தில் வைத்தார். மேடையின் விளிம்புக்கு வந்தார்.

"ஆர் அது, தர்மலிங்கமோ?"

"ஓம் அண்ணை."

"உம்மடை ரிவி ரிமோட்டுக்குச் சுத்தின பொலித்தீனைக் கழட்டிப்போட்டு வந்து கதையும்."

எழுந்த சிரிப்பில் கூரை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"சிரிக்காதையுங்கோ டொக்டர். உங்கடை புதுக் காரிலை சீற் உறை கழட்டியாச்சோ? இல்லை. நான் பாத்தனான். ஏறி இருந்தா கிறீச் கிறீச் எண்டுது." டொக்டர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சரணடைந்தார். "எல்லாரின்ரை வீட்டிலையும் ஒரு செற்றி இருக்கு. என்னை மட்டும் ஏன் பாக்கிறியள்? நான் என்ன, ஒருத்தரையும் இருக்கவேண்டாம் எண்டோ சொல்லுறன்? வரப்போற ஆளுக்கு வைச்சிருக்கிறன்!"

பிரதியில் இல்லாத வசனங்கள். நான் பக்கத்தைத் தவறவிட்டிருந்தேன். பின்பக்கம் கொத்துப் போடுகிறவர் தகரத்தோடு கதவடியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் என் பக்கம் திரும்பி, முழு மண்டபத்துக்கும் கேட்க, "எங்கை காணும் விட்டனான்?" என்றார். அதற்கும் ஒரு கைதட்டல்.

இருபது நிமிட நாடகம் முப்பத்துநாலு நிமிடம் போனது. ஒருவரும் எழும்பவில்லை.

வேஷம் கலைக்கும்போது

நடிகர்களுக்கு ஒதுக்கிய வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் கதிரைகள்தான் இருந்தன. அத்தான் அவற்றில் ஒன்றில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து, ஒட்டு மீசையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எவ்வளவு காலமா எழுதிறீர்?"

"எதை, அத்தான்?"

"நான் கதைக்கிறதை."

"வந்து இறங்கின நாளிலிருந்து."

மீசையின் ஒரு பக்கம் கழன்று வந்தது. அதை மேசையில் நேராக வைத்தார்.

"பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அத்தான். உங்களை நக்கலடிக்கவெண்டு..."

"மன்னிப்பை விடும். நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லும். நான் பகிடியான ஆள் எண்டு உமக்கு எப்பவிலிருந்து தெரியும்?"

"இருபத்தெட்டு வருசமாத் தெரியும்."

"கொக்காவுக்கு?"

"அக்காவுக்கு அதுக்கு முந்தியே தெரியும்."

அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவருக்கு உண்மையாகவே ஞாயம் தேவைப்பட்டது.

"அப்ப ஏன் ஐயா, பதினாலு வருசமா என்னை அழவைச்சனீர்?"

அன்றைய நாட்குறிப்பில் இந்தக் கேள்வி மட்டும்தான் இருக்கிறது. கதவு தட்டப்பட்டது. வெளியே யாரோ, "தம்பிராசா அண்ணை! படம் எடுக்கவேணும், வாங்கோ!" என்று கூப்பிட்டார்கள்.

"வாறன், வாறன்!" என்று அவர் சின்னக் கதிரையிலிருந்து என் தோளைப் பிடித்து எழுந்து, பாதி மீசையோடு வெளியே போனார்.